பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் பழைய டெலி லென்ஸ்களின் மறுவிற்பனை விலைப் பட்டியல் ஒன்று வந்தது. அன்று முதல் இன்று வரை அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு என் கடையின் மாடிப்படி ஏறியவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் விற்க வந்தவர்கள். நான்கு பேர் வாங்க வந்தவர்கள். விற்க வந்த எல்லாருக்கும் பட்டியல் விலை குறைவாகப் பட்டது. வாங்க வந்த எல்லாருக்கும் அதிகமாகப் பட்டது. அப்படியானால் பட்டியல் நியாயமானதுதான் போலிருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன்.

நாகர்கோவில் வடசேரியில் கேமரா பழுது பார்ப்பவன் நான். 1989-இல் திருவனந்தபுரத்தில் ஓர் ஆசானிடம் ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். 1996 முதல் சொந்தக் கடை. லென்ஸ் வாங்கி விற்பது என் தொழில் அல்ல. விற்கும் முன்பும் வாங்கிய பின்பும் மக்கள் என்னிடம் வருவார்கள். பின்பு வருபவர்கள்தான் அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

பட்டியல் தயாரித்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மாடல் பெயர், புதியது என்ன விலை, பழையது என்ன விலை என்று மூன்று கட்டங்கள் போட்டிருந்தார். நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அந்த லென்ஸ் இத்தனை காலமும் எந்த ஊரில், எதற்குள் குடியிருந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஒன்றில் கன்னிப்பூ, இன்னொன்றில் கும்பப்பூ என்று வயல்காரர்கள் இரண்டு பூ (போகம்) எடுப்பதைப் போல, லென்ஸுக்குள் வளரும் பூஞ்சையும் வருடத்துக்கு இரண்டு பூ எடுத்துவிடுகிறது. தொழிலில் நாங்கள் அதைப் பங்கஸ் என்போம். போன மாதம் ஒரே நாளில் என் மேசைமீது இரண்டு கேனான் 400 எஃப் 5.6 லென்ஸ்கள் இருந்தன. (400 என்பது மில்லிமீட்டரில் குவியத்தூரம்; அது கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் நுழையும்.) 1993-இல் சந்தைக்கு வந்த வெள்ளை லென்ஸ் அது. உள்ளே ஏழே கண்ணாடிகள். கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் கிடையாது. எடை ஒன்றேகால் கிலோ. கெட்டுப்போக உள்ளே அதிகம் ஒன்றும் இல்லாததால் எனக்குப் பிழைப்புத் தராத, அருமையான லென்ஸ்.

ஒன்று பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது. பெயின்ட் உரிந்திருந்தது, ஹூட் முழுக்கக் கீறல், முக்காலியில் பூட்டும் வளையத்தில் ஒரு திருகு இல்லை. பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவு. மற்றது முட்டத்துக்காரர் ஒருவருடையது. வாங்கியபோது வந்த பெட்டி, தோள்பை, வாரண்டி அட்டை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. அந்தப் பொட்டலம் எத்தனையோ வருடத்துக்கு முன்பே தன் வயிறு நிறைய ஈரத்தைக் குடித்துவிட்டு ஓய்ந்துபோயிருந்தது. டார்ச் அடித்தேன். நடுக் கண்ணாடிகளில் மூலைக்கு மூலை சிலந்திவலை.

பட்டியலில் இரண்டுக்கும் ஒரே விலை. போதாததற்கு, "பெட்டியோடு இருந்தால் ஐயாயிரம் கூடுதல்" என்று அடியில் ஒரு குறிப்பு. பெட்டி படம் எடுக்காது ஐயா. நம் ஊரில் பெட்டிதான் லென்ஸைக் கெடுக்கிறது. பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்திரமாக இருக்கட்டும் என்று இருட்டு அலமாரியில் பூட்டி, ஆறு வருடம் தொடாமல் வைத்திருந்தார் முட்டத்துக்காரர். பெங்களூர்க்காரர் வாரம் தவறாமல் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வெளிச்சமும் காற்றும் கண்ட லென்ஸில் பங்கஸ் எளிதில் குடியேறாது. முதலாவதை நாற்பதாயிரத்துக்கு வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். முட்டத்துக்காரருக்குப் பதினைந்தாயிரம் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். பத்து நாள் என்னோடு அவர் பேசவில்லை.

"துடைத்துவிட்டால் போகாதா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் போகும், தடம்கூட இருக்காது. நாள்பட்டால் பங்கஸ் சுரக்கும் அமிலம் கண்ணாடிமீது பூசியிருக்கும் கோட்டிங்கை அரித்துவிடும். அப்புறம் பங்கஸைத் துடைத்து எடுத்தாலும் அதன் உருவம் அங்கேயே பதிந்து நிற்கும். சேர்த்து ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் நான் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஐஎஸ் பகுதிக்குள் புகுந்திருந்தாலும் அப்படித்தான். மிதக்கிற கண்ணாடியை மறுபடி மையத்தில் நிறுத்தும் கருவி என்னிடம் இல்லை. இல்லாமலேயே செய்வேன் என்று சொல்பவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கலாகவும் படம் வருகிறது என்று கொண்டு வருபவர்களை வருடத்துக்கு நாலைந்து பேரையாவது பார்க்கிறேன். கொஞ்சம் பங்கஸ் இருந்தாலும் நிழலான இடத்தில் எடுத்த படத்தில் எதுவும் தெரியாது. விற்பவர் காட்டும் மாதிரிப் படங்கள் எல்லாம் நிழலில் எடுத்தவையாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் படம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். நம் மாவட்டத்தில் லென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் செய்வதோ அதைச் சூரியனுக்கு நேரே திருப்புவதுதான்.

இனி விலை ஏன் விழுந்தது என்பதற்கு வருகிறேன். "டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, ஆகவே பாதி விலை" என்று பட்டியலோடு வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே ஆடி வைத்த பழைய வகை டிஜிட்டல் கேமரா. 2018 ஆகஸ்டில் நிக்கானும் செப்டம்பரில் கேனானும் புதிய மவுண்டோடு (லென்ஸ் பொருந்தும் வளையத்தோடு), பிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் வைத்த, ஆடி இல்லாத முழுச்சட்ட மிரர்லெஸ் கேமராக்களை அறிவித்தது உண்மை. அதற்குப் பிறகு பழைய மவுண்ட் லென்ஸ்களின் விலை இறங்கியதும் உண்மை. ஆனால் எல்லாம் ஒரே அளவில் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது.

இதே கூத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 1987-இல் கேனான் தன் பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு ஈஎஃப் மவுண்டுக்கு மாறியது. நான் ஆசானிடம் சேர்ந்தபோது எஃப்டி லென்ஸ்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த வீழ்ச்சியில் நியாயம் இருந்தது. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து பிலிம் இருக்கும் இடம் வரையுள்ள தூரம் எஃப்டியில் 42 மில்லிமீட்டர், ஈஎஃப்பில் 44. பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டினால் இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கும். தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. நடுவில் இன்னொரு கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும், அது படத்தைக் கெடுக்கும். இப்போது நடந்திருப்பது நேர்மாறு. கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 20 மில்லிமீட்டர்தான். மிச்சமுள்ள 24 மில்லிமீட்டரை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால் போதும். மின்தொடர்பு உண்டு, கண்ணாடி கிடையாது. ஈஎஃப் லென்ஸ் அதில் ஆட்டோஃபோகஸோடு ஒழுங்காக ஓடுகிறது. ஆக, அன்றைய வீழ்ச்சி வேறு, இது வேறு. தமாஷ் என்னவென்றால், அன்று சாக்கில் வந்த எஃப்டி லென்ஸ்களையும் இன்று பையன்கள் தேடித் தேடி வாங்கி மிரர்லெஸ்ஸில் மாட்டுகிறார்கள். ஆசான் இருந்திருந்தால் சாக்கை எங்கே போட்டோம் என்று என்னைக் கேட்டிருப்பார்.

நிக்கானில் கதை இரண்டாகப் பிரிகிறது. எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டர், இசட் மவுண்டில் 16. எஃப்டிஇசட் என்கிற அடாப்டர் இரண்டையும் இணைக்கும். ஆனால் அந்த அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் வகைகள் புதிய கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகும். கேமராவிலிருந்து நீளும் திருகால் ஓடுகிற பழைய 80-200 எஃப் 2.8 டி போன்றவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருமண வீட்டில் மாலை மாற்றும் நேரத்தில் யார் கையால் திருப்பிக்கொண்டிருப்பது? ஆகவே இரண்டாவது வகை அதிகமாக விழுந்தது நியாயம். முதல் வகையையும் அதே தராசில் தள்ளிவிடுவது நியாயமில்லை. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில், அதே பாதி விலையில் இருந்தன.

"70-200" (70-இலிருந்து 200 மில்லிமீட்டர் வரை மாற்றிக்கொள்ளும் ஜூம்) என்று ஒரே ஒரு வரி போட்டு ஒரே ஒரு விலை எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. கேனான் ஈஎஃப்பில் மட்டும் எஃப் 2.8-இல் நான்கு உண்டு: 1995, 2001, 2010, 2018. எஃப் 4-இல் மூன்று. எந்த 70-200? 2018-இல் வந்த மூன்றாம் ஐஎஸ் வடிவத்துக்கும் 2010-இன் இரண்டாம் வடிவத்துக்கும் கண்ணாடி அமைப்பு ஒன்றுதான், கோட்டிங்தான் வேறு. அந்த மூன்றாம் எண்ணுக்காக இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தவர் ஒருவர் தக்கலையில் இருக்கிறார். கடிதத்தைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மன்னிக்கவும்.

இந்த லென்ஸ் மட்டும் நம் மாவட்டத்தில் ஏன் விலை குறையாமல் நிற்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் யூகிக்க முடியாது. இங்கே ஆலயத் திருமணங்கள் அதிகம். சடங்கின்போது போட்டோகிராபர் பீடத்தருகே ஏறக் கூடாது என்று பல ஆலயங்களில் கண்டிப்பு உண்டு. தூணோரம் நின்று, உள்ளே இருக்கும் மங்கிய வெளிச்சத்தில், மோதிரம் மாற்றும் விரலை எடுத்தாக வேண்டும். அதற்கு 200 மில்லிமீட்டரும் வேண்டும், எஃப் 2.8-உம் வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு 70-200 எஃப் 2.8 மார்த்தாண்டத்தில் காலையில் விலைக்கு வந்தால் சாயங்காலம் இருக்காது. அதே காரணத்தால், அதிகம் அடிபட்ட லென்ஸும் அதுதான். ஜூம் வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது தடுக்கினால் கீழே விழுந்த லென்ஸ். ஃபில்டர் மாட்டும் முன்வளையம் வட்டமாக இருக்கிறதா, குறடால் பிடித்து நேராக்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பெரிய லென்ஸ்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "தொழில்முறை 300 எஃப் 2.8, அறுபதாயிரம்" என்று பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கிறது. 1987-இல் வந்த முதல் ஈஎஃப் 300 எஃப் 2.8 லென்ஸில் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்தும். மோட்டார் செத்தால் ஆட்டோவும் இல்லை, கையும் இல்லை. அதன் உதிரிப் பாகங்கள் எனக்குக் கிடைப்பது செத்துப்போன இன்னொரு லென்ஸின் வயிற்றிலிருந்துதான். குலசேகரம் பக்கத்து நண்பர் ஒருவர் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் இதை வாங்கினார். நான்காம் மாதம் மோட்டார் நின்றது. "விற்கும்போது ஓடியதே" என்றார் வியாபாரி. அது பொய்யில்லை. இப்போது அந்த லென்ஸ் அவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள், ஒரு வெண்கலக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதே பெயரில், ஐஎஸ்ஸோடு பின்னால் வந்த 300 எஃப் 2.8 முற்றிலும் வேறு லென்ஸ். பெயர் மட்டும் எழுதிய பட்டியலில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மறுபக்கமும் உண்டு. நல்ல லென்ஸ் கெட்ட பெயர் வாங்குவதும் இங்கேதான். குமரி முனையில் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் பெரிய சூரியன் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு 400 வாங்கப் புறப்படுகிறார்கள். பீடத்தோடு சேர்த்துச் சிலையின் உயரம் 133 அடி. அந்த உயரத்துக்குச் சமமாகச் சூரியன் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய நாலேகால் கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் கடல்மேல் உள்ள ஈரக் காற்றின் வழியாகப் பார்க்கும்போது சிலையின் விளிம்பு ஆடத்தான் செய்யும். எந்த லென்ஸானாலும் ஆடும். படம் கூர்மையாக இல்லை, லென்ஸ் பழுது என்று என்னிடம் வருவார்கள். மாடியில் நிறுத்தி, எதிரே இருக்கிற கடையின் பெயர்ப்பலகையை எடுத்துக் காட்டுவேன். எழுத்து எழுத்தாகத் தெரியும். அப்படியும் நம்பாமல் ஆறே மாதத்தில் விற்றுவிடுகிறவர்கள் உண்டு. "கூர்மை கொஞ்சம் குறைவு" என்று அவர்களே விளம்பரத்தில் எழுதிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவை கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக, என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்த சம்பவம். குளச்சலைச் சேர்ந்த ஒரு பெண்மணி. கணவர் என் பழைய வாடிக்கையாளர், திருமணமும் ஊர்க் கால்பந்துப் போட்டிகளும் எடுத்தவர், போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய நிக்கான் 200-500 எஃப் 5.6-ஐ விற்க வேண்டும். அந்த அம்மாள் அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். ஈரம் இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். (தயவுசெய்து செய்யாதீர்கள். தவிட்டுத் தூசி உள்ளே போகும்.) நல்லவேளை, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைத்திருந்தார். உள்ளே சுத்தம். 2015-இல் வந்த மாடல், 2.3 கிலோ, கைநடுக்கத்தைச் சமாளிக்கும் நிக்கானின் விஆர் சத்தமில்லாமல் ஓடுகிறது. என்னிடம் வருமுன் ஒரு வியாபாரி இருபத்திரண்டாயிரம் சொல்லியிருக்கிறார். கையில் தங்கள் பட்டியல். "பட்டியலில் ஐம்பது என்று போட்டிருக்கிறதே" என்று அம்மாள் கேட்டதற்கு, "விற்கும் விலை முழுவதற்கும் நான் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமே" என்றாராம்.

இது தவறு. பழைய பொருளை வாங்கி விற்கும் வியாபாரி, வாங்கியபோது வரி வரவு எடுக்காமலும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாமலும்) பொருளின் தன்மையை மாற்றாமலும் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி கட்டலாம். ஜிஎஸ்டி விதிகளில் 32(5) அதைத்தான் சொல்கிறது. ஒரு வீட்டுக்காரரிடமிருந்து வாங்கும்போது வரி வரவுக்கே இடமில்லை.

தேரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் பறவைகள் எடுக்க லென்ஸ் தேடிக்கொண்டிருந்தார். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது முதல் இப்படி வருகிற பிள்ளைகள் என் கடைக்கு அதிகம். அவரிடம் இருந்தது மாமாவின் பழைய நிக்கான் டி90 கேமரா. அந்த 200-500 லென்ஸின் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, மின்சாரத்தால் இயங்குவது. டி90 அதை மூடித் திறக்கத் தெரியாத கேமரா, எப்போதும் எஃப் 5.6-இலேயே நிற்கும். இதுவும் பட்டியலில் இல்லாத தகவல். ஒரு நண்பரிடம் டி7200 இரவல் வாங்கச் சொன்னேன். ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தேரூர்க் குளக்கரையில் நானும் மாணவரும் அந்த அம்மாளும் நின்றோம். தாமரை இலைமேல் நடந்த இலைக்கோழி ஒன்றை மாணவர் எடுத்தார்; கால் விரல்களை எண்ண முடிந்தது. எதிர்வெளிச்சத்தில் ஒரு கூழைக்கடாவை எடுக்கச் சொன்னேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நாற்பத்தாறாயிரத்துக்கு அங்கேயே முடிந்தது. லென்ஸ் எண்ணை எழுதி, உள்ளே பங்கஸ் இல்லை, திறந்து பழுது பார்த்ததில்லை என்று குறிப்பிட்டு, இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். பின்மூடியில் அவர் கணவர் நகப்பாலிஷால் போட்டிருந்த குறியை அழிக்கட்டுமா என்று மாணவர் கேட்டார். அம்மாள் பதில் சொல்லாமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாணவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

நான் கேட்பது இரண்டே. மாவட்டத்தில் பழைய லென்ஸ் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் இப்படி ஒரு தாளைக் கொடுக்கட்டும். லென்ஸ் எண், பங்கஸ் உண்டா இல்லையா, திறந்ததா திறக்காததா என்ற மூன்று விவரம் போதும். எண் எழுதினால் திருட்டு லென்ஸும் கொஞ்சம் தயங்கும். தாங்கள் அடுத்த முறை பட்டியல் போடும்போது, விலைக்கு முன்னால் "பங்கஸ் இல்லாமல், இன்ன மவுண்ட், இன்ன வடிவம்" என்று ஒரு கட்டம் சேருங்கள். இடம் போதாது என்றால் பெட்டிக்கு ஐயாயிரம் என்ற குறிப்பை எடுத்துவிடலாம்.

வாங்கும் முன் கொண்டுவந்தால் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல இருநூறு ரூபாய் வாங்குகிறேன். வாங்கிய பிறகு கொண்டுவந்தாலும் அதே இருநூறுதான். செவ்வாய் விடுமுறை. இந்த வரி விளம்பரம் போலத் தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கேமரா பழுது பார்ப்பவர்,
வடசேரி, நாகர்கோவில்.